“வீட்லதானே இருக்க”

பொருநராற்றுப்படையைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பெயரில் உள்ள ‘முடம்’ உடற்குறையைச் சுட்டுவதாகக் கொள்வோர் உண்டு. அவர் பெண் என்போரும் உண்டு. சிதம்பரத்தில் ஒரு வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரு கால்களிலும் காலிப்பர் அணிந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்போ இவங்க எப்படி மேடம் அவ்வளவு தூரம் போயிருப்பாங்க?” ஆற்றுப்படை என்பதே வழிநடையின் இலக்கியம். பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அவள் இப்போது கடலூரில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறாள். படிக்கும் காலத்தில் தினமும் சிதம்பரத்துக்குப் பேருந்து. முதல் படியில் ஏற யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அந்தக் கைகள் எங்கெல்லாம் பட்டன என்பதைப் பல காலம் கழித்துத்தான் சொன்னாள். அவற்றிலிருந்து விடுவித்த மடிக்கணினியை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளி ஆண்களில் 47 சதவீதத்தினர் வேலை செய்தார்கள். பெண்களில் 23 சதவீதத்தினர்தான்.

ஆனால் எந்த வீடு? விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போகச் சொன்ன வீடுதான் இன்று அவளுக்கு அலுவலகம். மீட்டிங் நடக்கும்போதே குரல் வருகிறது: “வீட்லதானே இருக்க, மூணு விசில் வந்தா அடுப்பை அணைச்சிடு.” சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வருகிறது. ஏடிஎம் வாசலில் நாலு படி; அதனால் அட்டை அண்ணனிடம்.

சட்டங்களையும் பிரதிகளாக வாசிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேவைக்கேற்ற வசதியையும் தடையற்ற சூழலையும் ஊழியருக்குத் தரும் கடமையை அரசு நிறுவனங்கள்மீது வைக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்று அது பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னது 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம்: விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், முதலாளி அனுமதிக்க‘லாம்’. அதிலும் ஒரு ‘லாம்’! தாயின் வீடு சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. சக்கர நாற்காலி திரும்ப இடமில்லாத வீடு படவில்லை. நடக்கவே நடக்காது என்று அதுவரை சொல்லப்பட்ட ஏற்பாடு, 2020 மார்ச்சில் எல்லா உடல்களுக்கும் ஆபத்து என்றானதும் சில நாட்களில் நடந்தது.

என் பயம் வேறு. அவள் வரவே போவதில்லை என்றால் சாய்தளம் எதற்கு, கழிப்பறைக் கதவை ஏன் அகலப்படுத்த வேண்டும்? சென்னையில் தாழ்தளப் பேருந்துக்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த வழக்கை யார் போடுவார்கள்? சலுகை என்று அவளுக்குக் கொடுப்பதில் நிறுவனம் மிச்சம் பிடிப்பதும் இருக்கிறது. மின்சாரம், நாற்காலி, இணையக் கட்டணம் எல்லாம் அவள் செலவு.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் பரிசு கொடுத்ததோடு நிற்பதில்லை. நான்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரைக் கொடுத்து, ஏழடி பின்னால் நடந்து வழியனுப்புகிறான். கால் கருகியதால் அந்தப் பெயர் பெற்றவன் என்று சொல்லப்படும் அரசன் அவன். போகும் வழியும் கொடுப்பவனின் பொறுப்பாகவே அங்கே இருக்கிறது.

சென்ற மாதம் அவளிடம் கேட்டேன், ஆபீசுக்குப் போகத் தோன்றுமா என்று.

“தினமும் வேணாம் மேடம், உடம்பு தாங்காது. வாரத்துல ரெண்டு நாள். டீ குடிச்சிட்டு யாரைப் பத்தியாவது புறணி பேசணும்.”