ஆறாயிரம் ரூபாயும் நிக்கோபார்த் தீவும்

என் நண்பர் ஒருவர் இளமையில் ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளுக்காகப் படித்த ஹிந்திக்கு, பிற்காலத்தில் ‘கௌன் பனேகா கரோர்பதி’ என்னும் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றையே உபயோகமாகக் கண்டுகொண்டவர். 2000ஆம் வருஷம் ஜூலை 3ஆம் தேதி அமிதாப் பச்சன் முதன்முதலாக அதை நடத்தும் ஆசனத்தில் அமர்ந்த இரவு தொடங்கி, ஷாருக் கான் நடத்திய 2007ஆம் வருஷத்தை மாத்திரம் கிரகண காலமாகப் பாவித்து ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சீஸனின் ஆரம்ப நாளையும் வீட்டில் ஒரு பண்டிகையாகவே நடத்தி வருகிறார். 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி பதினான்காவது சீஸன் தொடங்கிற்று. மறுநாள் காலையில் அவர் வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “மூன்று தடவை அழுதுவிட்டேன் ஸார்!” என்றார். என்னென்ன கேள்விகள் கேட்டார்கள் என்று விசாரித்தேன். சற்று யோசித்துப் பார்த்துவிட்டு, “கேள்வியா பெரிது? கேள்வி எந்தப் புஸ்தகத்திலும் கிடைக்கும். மனுஷனுடைய கதை கிடைக்குமா?” என்று என்னையே மடக்கினார். அந்த வாதம்தான் என்னை இதை எழுத வைத்தது.

நிகழ்ச்சியின் குணங்களை நான் அறியாதவன் அல்லேன். பச்சனுடைய குரலின் கம்பீரம், எதிரே அமர வரும் பெண்மணிக்குத் தாமே நாற்காலியை இழுத்துக்கொடுக்கும் மரியாதை, பெருநகரக் கல்லூரிகளின் தனிச்சொத்தாக இருந்த வினாடி வினாவைச் சிற்றூர்களின் கூடத்துக்குக் கொண்டுவந்த உபகாரம் எல்லாம் மெய். தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’யில், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண்மணி ஒருவர் 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்றதைப் பார்த்து நானும் எழுந்து நின்று கைதட்டியவன்தான். இவற்றை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

என் ஆட்சேபம் ஒன்றே, பழையது, நண்பருக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. அறிவைப் பரீட்சிக்க அழைத்த மனிதனிடம் முதலில் அவனுடைய துக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது என்ன நியாயம்? விரைவு விரல் போட்டியில் வென்றவர் ஓடிவந்து ஆசனத்தில் அமர்கிறார், விளக்குகள் மங்குகின்றன, அவருடைய ஊரிலிருந்து எடுத்துவந்த படம் ஓடுகிறது. ஒழுகும் கூரை, விற்றுப்போன நிலம், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாயார், பின்னணியில் தவறாமல் ஒரு புல்லாங்குழல். படம் முடிந்ததும் காமிரா அவர் கண்ணருகே சென்று காத்திருக்கிறது. நீர் தளும்பியதும் கைக்குட்டைக் காகிதம் நீட்டப்படுகிறது. இத்தனைக்கும் அப்பால்தான், குழந்தையும் சொல்லக்கூடிய முதல் கேள்வி வருகிறது. கேள்விக்குக் கடிகாரம் உண்டு; கண்ணீருக்குக் கடிகாரம் கிடையாது.

அந்த ஆகஸ்ட் இரவையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு என்பதனால் பரிசுத் தொகை 7.5 கோடியாக உயர்ந்திருந்தது. ஆமிர் கான் வந்திருந்தார். மேரி கோமும் சுனில் சேத்ரியும் வந்திருந்தனர். கார்கில் யுத்தத்தில் மாண்டுவிட்டார் என்றே வைத்தியரால் கருதப்பட்டு, மீண்டு, காலை இழந்து, பின்னர்ச் செயற்கைக் காலுடன் நெடுந்தூர ஓட்டங்கள் ஓடிய மேஜர் டி. பி. சிங் வந்திருந்தார். அந்த மனிதருடைய சரித்திரத்தைக் கேட்டுக் கண் கலங்காதவன் கல்நெஞ்சன். ஆனால் அந்தச் சரித்திரத்துக்கும் திரையில் தோன்றும் நான்கு விடைகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மணி நேரம் அவரையே பேசவிட்டிருந்தால் அது கௌரவம். இரண்டு விளம்பரங்களுக்கும் ஒரு பொது அறிவுக் கேள்விக்கும் இடையே அவருடைய காலைச் செருகி வைத்தது கௌரவமாகுமா என்பதை நண்பர் யோசிக்க வேண்டும்.

2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தைச் சிலர் இதற்கு அரணாகக் காட்டுவதுண்டு. அப்படத்தை நான் பெரிதாக மதிப்பவன் அல்லேன். ஆயினும் அதில் ஒரு யுக்தி இருந்தது. அந்தப் பையன் பெரும்பாலான விடைகளைத் தான் பட்ட காயங்களிலிருந்து அறிந்திருந்தான். கதை விடைக்குக் காரணமாக நின்றது. இங்கேயோ கதை ஒரு திசையில் போகிறது, விடை ஒரு திசையில் போகிறது. கதை அனுமதிச் சீட்டு மாத்திரமே. பொது அறிவுத் தேர்வோடு நேர்காணலும் வைத்து ஆட்களைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. கடன் இல்லாத வீட்டில் பிறந்து, நூலகமே கதியென்று கிடந்து, சொல்லிக்கொள்ள ஒரு துக்கமும் வாய்க்காத பெண் அந்த நேர்காணலில் எதைச் சொல்லித் தேறுவாள் என்ற சந்தேகம் என்னை விட்டபாடில்லை. கோவில் வாசலில் புண்ணைத் திறந்து காட்டுபவனுக்கு அதிகக் காசு விழுவதுபோலத்தான் இதுவும் என்று ஒருமுறை சொல்லி, நண்பரிடம் ஒரு வாரம் பேச்சு வார்த்தையில்லாமல் இருந்தேன். சொல் கடுமையானதுதான், திரும்பப் பெற மனம் வரவில்லை.

2011ஆம் வருஷம் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷீல் குமார் ஐந்து கோடி வென்றார். அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்பதும், மாதச் சம்பளம் 6,000 ரூபாய் அளவில் என்பதும் அன்று தேசம் முழுவதும் தெரிந்தது. இன்றும் நண்பர் அதை ஒப்பிப்பார். அவரை ஐந்து கோடிக்கு உரியவராக்கிய கேள்வி எது என்று கேட்டால் விழிப்பார். நிக்கோபார்த் தீவுகளின் மீதிருந்த உரிமையை 1868இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு இந்தியாவிலிருந்து வெளியேறிய நாடு எது என்பது கேள்வி. டென்மார்க் என்பது விடை. தரங்கம்பாடியில் காற்று வாங்கப் போனவர்களாகிய நமக்கு அந்தக் கேள்வியின் ருசி நன்றாகவே தெரிய வேண்டும். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல், டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1845இல் அதை விற்றுவிட்டுப் போனார்கள். அரைகுறையாகப் படித்தவன் 1845இலேயே டேனியரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, 1868 என்றதும் வேறு நாட்டைத் தேடிப் போவான். தரங்கம்பாடி போன பின்பும் கடலுக்கு அப்பால் ஒரு தீவுக் கூட்டம் அவர்கள் பெயரில் எஞ்சியிருந்தது என்ற அந்த நுட்பத்தில்தான் ஐந்து கோடியும் ஒளிந்திருந்தது. எவ்வளவு அழகான கேள்வி! அந்த இரவில் அதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பத்திரிகைகள் ஆறாயிரத்தை ஐந்து கோடியோடு வைத்துக் கணக்குப் பார்த்தன.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கரோர்பதியைத் தயாரித்த சித்தார்த்த பாசுவே, 1985இல் தூர்தர்ஷனில் ‘குவிஸ் டைம்’ நடத்தி ஒரு தலைமுறைக்கே வினாடி வினாவில் பித்துப்பிடிக்க வைத்தவர். பின்னர் ‘மாஸ்டர்மைண்ட் இந்தியா’வையும் நடத்தியவர். அதன் மூலமாகிய ஆங்கில நிகழ்ச்சியை 1972இல் பி.பி.சி.யில் உருவாக்கிய பில் ரைட், உலக யுத்தத்தில் எதிரிகளிடம் சிறைப்பட்டு விசாரிக்கப்பட்டவர். கைதி சொல்லவேண்டியது பெயர், பதவி, எண் என்ற மூன்றே. அந்த அநுபவத்திலிருந்துதான் கறுப்பு நாற்காலியும், பெயர், தொழில், தேர்ந்த விஷயம் என்ற மூன்று சொல் அறிமுகமும் பிறந்தன. அவ்வளவுதான், உடனே கேள்வி. அங்கே உட்கார்ந்தவர் லாரி ஓட்டுநரா, பேராசிரியரா என்பது ஒரு விநாடிக்கு மேல் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சிறைக் கைதிக்கு விசாரணைக்காரன் விட்டுவைத்த அந்தரங்கத்தைக்கூட, மோதிஹாரிக்காரருக்கு நாம் விட்டுவைக்கவில்லை.

நம்முடைய புலவர்கள் வள்ளல்களிடம் தங்கள் வறுமையைப் பாடவில்லையா என்று நண்பர் கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரியும். பாடினார்கள். பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் மனைவி மக்களின் பசியை உருக்கமாகச் சொன்னவர்தான். ஆனால் அவர் அதைத் தாமே, தம் சொல்லால், தம் யாப்பில் சொன்னார். அந்த வறுமைப் பாட்டே அவருடைய வித்தைக்கு அத்தாட்சி. அதே பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலை வாங்க மறுத்தவரும் ஆவார். தம் தகுதியை அறிந்து கொடுப்பது தினையளவாயினும் போதும் என்றவர். நிகழ்ச்சிக்காரர்களும் 2012ஆம் வருஷத்து சீஸனுக்கு, அறிவு ஒன்றே உன் உரிமையை உனக்குப் பெற்றுத்தரும் என்ற பொருளில்தான் விளம்பர வாசகம் வைத்தார்கள். அறிவு ஒன்றே என்றால், அந்தப் புல்லாங்குழல் எதற்காக?

வென்ற பிறகு வந்த காலம் தம் வாழ்வின் மிகக் கெட்ட காலமாக இருந்ததென்று சுஷீல் குமார் 2020இல் தாமே வெளிப்படையாக எழுதினார். அதை நண்பரிடம் படித்துக் காட்டினேன். அதற்கும் அவர் கண் கலங்கினார்.

இப்போது நான் அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஊர்ப்படம் ஓடத் தொடங்கியதும் ஒலியைக் குறைத்துவிட்டு, பச்சன் ‘கம்ப்யூட்டர் ஜி’யைக் கூப்பிடும் வாயசைவு தெரிந்ததும் கூட்டிக்கொள்வது என்று எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை. ரிமோட் அவரிடம் இருப்பதனால் அது பெரும்பாலும் நிறைவேறுவதில்லை.