எஃகு வழுக்கும் மென்மை

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் கண்டிருப்பார்கள்: இறக்கையின் பின்விளிம்பில் ஒரு பலகை மெல்ல எழும், தயங்கும், அமரும். பல விமானங்களில் அந்தத் தயக்கத்தை அளந்து தருவது பலகையை அசைக்கும் எண்ணெயின் ஓட்டத்தை ஆளும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சர்வோ வால்வு. நியூயார்க் மாநிலத்து ஈஸ்ட் அரோராவில் உள்ள மோக் நிறுவனம் பெயர் வாங்கியதே இந்த வால்வால்தான்.

உள்ளே, சுண்டுவிரலைவிட மெலிந்த எஃகு உருளை ஒன்று தனக்கென்றே இழைத்த உறைக்குள் வழுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான். எண்ணெய் தடவிச் சாய்த்தால் உருளை இடறாமல், ஆடாமல், தன் எடையிலேயே நழுவும். ஜோடி மாற்றினால் இந்தச் சுகம் போய்விடும். உருளையின் விளிம்பில் பிசிறும் இருக்கக் கூடாது, கூர்மையும் மழுங்கக் கூடாது. உருப்பெருக்கியில் கண் வைத்துப் பொறுமையாகத் தீர்க்க வேண்டிய வேலை அது. வால்வு இயங்கும்போது, சில மில்லிஆம்பியர் மின்சாரம் பட்டதும் இரு நுண்துளைகளுக்கு நடுவே நிற்கும் சிறு தகடு கண்ணுக்குத் தெரியாமல் சாய்கிறது. எண்ணெயின் அழுத்தம் ஒரு பக்கம் கூடி உருளை நகர்கிறது. உடனே மெல்லிய வில்கம்பி ஒன்று, நுனியில் குட்டிக் குண்டுமணியோடு, ‘போதும்’ என்று தகட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. வெளியே கேட்பது எண்ணெயின் சன்னமான சீறல் மட்டும்.