புறநானூற்றின் 18ஆம் பாடலும் பாண்டிநாட்டுப் பழந்தட்பவெப்பமும்: ஒரு மறுநோக்கு

குடபுலவியனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம், தாழ்ந்த நிலங்களில் நீர்நிலை பெருக்குமாறு வேண்டும் இப்பாடலைப் பாண்டிநாடு வறண்டு வந்தமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. பாடல் காட்டுவன நிலத்தின் நெளிவும் வானம்பார்த்த புன்புலமுமே; மழை முன்னினும் குறைந்தது என்னும் செய்தி அதில் இல்லை. இதனை வறட்சிக்குச் சான்றாக்கினால், வையைப் பெருக்கைப் பாடும் பரிபாடலை மிகைமழைக்குச் சான்றாக்க நேரும்.

நீர்நிலைப் பெயர்களையும் இவ்வாறே எச்சரிக்கையுடன் கையாளுதல் வேண்டும். வடதமிழகத்தில் 'ஏரி' எனப்படுவது மதுரைப்பகுதியில் 'கண்மாய்', பேச்சுவழக்கில் 'கம்மாய்', என்பது பொதுக்கருத்து. ஆயினும் கல்வெட்டுகளில் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்னும் வழக்கு உண்டு. உயர்நீதிமன்றக் கிளை அமைந்துள்ள இடமோ உலகனேரி! ஒரே சமவெளியில் குளம், ஏரி, கண்மாய் மூன்றும் வழங்குகையில், சொல்வேறுபாட்டை மழையளவோடு இணைக்க இயலாது. வெட்டுவித்த காலத்தையும் குடிகளையும் கொண்டே அதனை விளக்குதல் தகும்.

தட்பவெப்பத்தை உரைக்க வல்லவை படிவுகளில் தங்கிய மகரந்தமும் களிமண் அடுக்குகளுமே. கண்மாயின் உட்படிவு தூர்வாரலால் பலமுறை கலைந்தது. கரைக்கடியில் மூடுண்ட பழைய நிலமட்டமே அதற்கு முற்பட்ட காலத்தைக் காட்டும். சாலைக்காகக் கரை வெட்டப்படும்போது அம்மட்டம் ஓரிரு நாள் வெளிப்பட்டு அழிகிறது. அங்கு மண்மாதிரி எடுப்பாரும் இல்லை, தமிழாய்வாளரும் இல்லை.