பிரேக்குக்கே முதல் காசு: அப்புத்தளையும் நீலகிரியும்

அப்புத்தளை டவுனிலிருந்து பெரகல சந்திக்கு இறங்கி, கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து வெல்லவாய போய்ச் சேரும் கெப் வண்டி ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம் கீழே வருகிறது. மரக்கறி மூட்டைகளோடு வண்டியின் எடை இரண்டரைத் தொன் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் அது எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டிய சக்தி, 90 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரைப் போட்டு இறங்கினால் என்ஜின் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு சக்கரங்களிலுள்ள சில கிலோ இரும்புக்குத்தான்.

நம் ஊர் கராஜ்களில் வண்டியை மேம்படுத்தும் பேச்சு இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதில்லை. கூம்பு ஃபில்டர் போட்டால் ‘புல்லிங்’ கூடுமா, ஸ்நோர்க்கல் மாட்டலாமா என்றுதான் தொடங்குகிறது. பிரேக் கடைசியில் வரும். அதுவும் பெரும்பாலும் கிரீச்சென்று சத்தம் கேட்ட பிறகு. நீலகிரியிலும் இதே கதைதான் என்றாலும், அங்கே சட்டமும் கடையும் வேறு விதமாக இருப்பதால் முடிவு வேறாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது; அது 1976இல் டான்டீ என்ற கழகமானது. அங்கே கொழுந்து ஏற்றி இறங்குகிறவரும் இங்கே கொழுந்து ஏற்றி இறங்குகிறவரும் ஒரே லயத்து வழி வந்த உறவுக்காரர்களாக இருக்கலாம். ஓடுவது மட்டும் இரண்டு நாட்டு வண்டிகள்.

வண்டியிலிருந்தே தொடங்குவோம். ஊவா மலைகளில் கெப் என்றால் ஹைலக்ஸ், எல்200 போன்ற ஜப்பான் பெயர்கள்தான் முதலில் வாய்க்கு வரும். அடுத்து ‘டிமோ பட்டா’ என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸ். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருபது, முப்பது வயது வண்டிகள்தான் பொரலந்தையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு உருளைக்கிழங்கு இழுத்தன. டொலர் ஏறிய 2022இல் புதிய ஜப்பான் பாகம் வாங்குவது பலருக்குக் கனவாகிப் போனது. அப்போது கை கொடுத்தது கொழும்பு பஞ்சிகாவத்தை. ஜப்பானில் கழித்த வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பாகங்கள் அங்கே கிடைக்கும். ஆகவே நம் ஊரில் ‘அப்கிரேட்’ என்பது பெரும்பாலும் வேறொரு மாடலின் பழைய பெரிய கெலிப்பரைத் தேடிப் பிடித்து மாட்டுவது.

நீலகிரியில் ஓடுவது மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், 2005இல் வந்த டாட்டா ஏஸ். ஹைலக்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்ததே 2022இல்தான். நமக்கில்லாத பெரிய வசதி அவர்களுக்கு உண்டு: பிரேக் பாகங்கள் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. சென்னைப் பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் பாகங்கள் மேட்டுப்பாளையம் கடைகளுக்கு வர ஒரு இரவு போதும். பழைய பாகம் தேடுகிறவருக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. ஆனாலும் புதிய, பெட்டி பிரிக்காத லைனிங்கே எட்டும் விலையில் கிடைக்கும் மலையில், யாரோ தேய்த்து முடித்த பேடைத் தேட வேண்டிய தேவை குறைவு. இந்த ஒரு வித்தியாசமே அங்குள்ள சாரதிக்குப் பெரிய பாதுகாப்பு.

இனிக் காற்று. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் 85 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2240 மீற்றரில் உள்ள ஊட்டியில் அது முக்கால் பங்குதான். டர்போ இல்லாத பழைய 3எல், 5எல் ஹைலக்ஸ் என்ஜின்களை இது நேராகத் தாக்கும். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும்; எரிக்கக் காற்று போதாது; கறுப்புப் புகை வரும். கூம்பு ஃபில்டர் இந்தக் குறையைத் தீர்க்காது. மலைக் காற்றில் இல்லாத ஒட்சிசனை எந்த ஃபில்டரும் உண்டாக்கித் தராது. அதோடு, திறந்த கூம்பு பொனட்டுக்குள் உள்ள சூட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது. கம்பனி போட்ட பெட்டியோ முன்புறக் குளிர்ந்த காற்றை எடுக்கும்படி அமைந்தது. சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகக் காதுக்குத் தோன்றும். ஏற்றத்தில் அந்தச் சத்தம் உதவாது.

உயரம் பிரேக்கையும் தொடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மிதியை மெதுவாக அழுத்தினாலே வண்டி நிற்பதற்குக் காரணம் பூஸ்டர். அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. வெளிக்காற்று அழுத்துவதுதான் நமக்குக் கிடைக்கும் உதவி. மலையில் அந்த அழுத்தம் குறைந்த அளவுக்கு உதவியும் குறையும். பழைய ஹைலக்ஸ் டீசல்களில் வெற்றிடத்தை உண்டாக்கும் சின்னப் பம்ப், ஆல்டர்நேட்டரின் பின்புறத்தில் பூட்டியிருக்கும். சார்ஜ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துப் பழைய ஆல்டர்நேட்டரை வாங்கி மாட்டினால், தேய்ந்த பம்பும் கூடவே வந்துவிடும். மிதி கல்லாகிவிடும். பிறகு பேடை மாற்றிப் பயனில்லை.

தூசி விடயத்தில் நம் மலைக்குத் தனிக் குணம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகில் பெயர் வாங்கிக் கொடுக்கும் பருவமும் அதுதான். அதே காற்று தோட்டத்து மண் பாதைகளின் புழுதியை எழுப்பி வண்டிக்குள் இறைக்கிறது. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்கள் காற்றைத் தாராளமாக விடுபவை; நுண்தூசியையும் கடதாசி ஃபில்டரைவிடக் கூடுதலாகவே விட்டுவிடும். அந்தத் தூசி டர்போவின் இறகுகளையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். எண்ணெய் அதிகமானால் காற்றோட்டத்தை அளக்கும் சென்சரிலும் படியும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகள் ஓடும் நீலகிரியில் இது இன்னும் பெரிய தொல்லை: காற்றளவு சற்றே பிசகினாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியும், வாரண்டியும் போகும். அதனால் அங்கே பட்டறைக்காரர்கள் வேலை வண்டியின் இன்டேக்கைத் தொடத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நல்லதே. நம் வண்டிகளுக்கு உண்மையில் வேண்டியது நல்ல கடதாசி ஃபில்டர், கச்சான் காலத்தில் அதை அடிக்கடி திறந்து பார்ப்பது, வெடித்த இன்டேக் ஹோஸை மாற்றுவது. ஸ்நோர்க்கல் ஆறு கடக்கிறவருக்குப் பயன்படும். தம்பேதன்ன பாதையில் ஆறு இல்லை.

இருந்தும் இலங்கையில் காற்று ஃபில்டருக்கு வருடம் ஒருமுறையாவது கவனம் கிடைத்துவிடுகிறது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். 2008 முதல் இதுதான் நடைமுறை. அடைத்த ஃபில்டரோடு போனால் புகை கூடும், வண்டி தேறாது. ஆகவே முதல் நாளே ஃபில்டரை மாற்றிவிடுகிறோம். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்று உண்டு. ஆனால் கெப் வைத்திருக்கும் சாதாரண ஆளுக்குப் பழக்கமான வருடச் சோதனை புகைச் சோதனைதான். அந்தச் சோதனையில், பிரேக் பிடித்தால் வண்டி எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று அளப்பதில்லை. இந்தியாவில் சரக்கு பிக்கப் எல்லாமே தகுதிச் சான்றுக்காக ‘எஃப்.சி. காட்ட’ வேண்டும்: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். அந்தச் சோதனை எவ்வளவு கறாராக நடக்கிறது என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறலாம். ஆனால் எஃப்.சி. வருகிறது என்ற பயத்தில் டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் வழக்கமாவது அங்கே இருக்கிறது.

பிரேக்கில் என் முதல் பரிந்துரை பெட்டியில் அழகாக வரும் எதுவுமில்லை. புதிய பிரேக் எண்ணெய். டொட் 3 எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை. ஈரத்தை உறிஞ்சிய பின் 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, 155. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுக்கும் சுபாவம் கொண்டது. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் அப்புத்தளையில் அதற்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீண்ட இறக்கத்தில் கெலிப்பர் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும், மிதி அடித்தட்டு வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு எண்ணெயையும் மாற்றி, காற்றெடுத்து, டொட் 4 ஊற்றினால் ஆறு பிஸ்டன் கெலிப்பர் தர முடியாத பாதுகாப்பு கிடைக்கும். இரண்டு நாட்டிலும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பங்குதான்.

அடுத்தது பேட். அதன் ஓரத்தில் ‘எஃப்எஃப்’, ‘ஜிஎஃப்’ என்பதுபோல இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது கடும் சூட்டில் உள்ளது. ஈ என்பதைவிட எஃப் மேல், எஃப் என்பதைவிட ஜி மேல். மலையில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை. எழுத்தே இல்லாத பேடை, பெட்டியில் எந்த ஜப்பான் பெயர் இருந்தாலும், வாங்காதீர்கள்.

இனி இரண்டு மலைகளுக்கும் பொதுவான ஒரு தவறு. கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டைகள் கூடச் செருகுகிறார்கள். பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. வண்டியின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையை ஊகித்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று அது தீர்மானிக்கும். பட்டை கூடினால் பின்புறம் தாழாது. ஒரு தொன் ஏறியிருந்தாலும் வண்டி வெறுமையாக இருப்பதாக வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். முன் பேட்கள் முழுப் பாரத்தையும் சுமந்து எரியும். ‘முன்பக்கம் அடிக்கடி தேயுது அண்ணே, பெரிய டிஸ்க் போடுவமா?’ என்று கேட்டு வருகிறவரின் வண்டியில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அந்த வால்வு. அதன் கம்பியைச் சரிப்படுத்தாமல் முன்பக்கத்துக்கு மட்டும் பெரிய கெலிப்பர் போட்டால் சமநிலை இன்னும் கெடும். ஈர வீதியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வளைவில் நேரே போகும்.

சட்டத்தில் இந்தியா கடுமையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், விதி மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வைத்தது. இலங்கையிலும் கட்டமைப்பு மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். 2025 ஜனவரியில் பொலிஸார் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற வைத்ததும் நினைவிருக்கும். இரு நாட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற பம்பரும் விளக்கும் சைலன்சரும் பிடிபடுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் போலி லைனிங் தப்பிவிடுகிறது. உயிரை வாங்குவது அதுதான்.

நீலகிரியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, வீதியே சாரதிக்குப் பாடம் சொல்வது. இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் மலைப்பாதைகளில் நிற்கின்றன. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில், 2018 ஒக்டோபர் விபத்துக்குப் பின் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. நம் பக்கத்தில் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டார்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் இளம் சாரதிகளிடம் இன்னும் இருக்கிறது. கியர் இல்லாத வண்டியில் என்ஜினின் பங்கையும் பிரேக்கே சுமக்கிறது. இப்படி ஓட்டுகிற வண்டிக்கு எந்தக் கம்பனியின் டிஸ்க் போட்டாலும் போதாது.

கெப் வண்டிக்குச் செலவழிக்கக் கையில் காசு சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் எண்ணெய், பிறகு பேடும் லைனிங்கும், பிறகு வெடித்த ரப்பர் ஹோஸ்கள், அதன் பிறகு பின் வால்வும் வெற்றிடப் பம்பும். இவை எல்லாம் சரியான பிறகும் காசு மிஞ்சினால் பெரிய டிஸ்க்கைப் பற்றி யோசியுங்கள். கூம்பு ஃபில்டரை விட்டுவிடுங்கள். ஊவா மாகாண போக்குவரத்து அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன்: புகையை அளக்கும் இடத்திலேயே கெப் வண்டிகளின் பிரேக்கையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள்; பெரகலையிலிருந்து கீழே போகும் வீதியில் கியர் பலகைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் நிறுத்துங்கள்.