பெரட்டு: ஒரு சொல்லும் ஓர் எண்ணிக்கையும்

மலையகச் சிறுகதைத் தொகுதிகளின் பின்னிணைப்பில் ‘பெரட்டு’ என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரி விளக்கந்தான் கிடைக்கும்: காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். பிழையில்லை, ஆனால் போதாது.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ‘பெரட்டுக்குப் போகணும்’ என்றுதான் பேச்சு. விடியலில் தப்படித்து ஆட்களைக் கூட்டிய களம் பெரட்டுக்களம். அந்த அடிக்கே ‘பெரட்டுத் தப்பு’ என்று பெயர். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அங்கேதான் ஆட்களை எண்ணி மலைகளுக்கு அனுப்புவார்கள்.

இச்சொல்லைப் ‘புரட்டு’ என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்த்து, ஏமாற்று என்று பொருள் சொல்லிவிடலாம். கூலிக் கணக்கில் ஏமாந்தவர்களுக்கு அது இனிக்கும். சொல்வரலாறு அதற்கு இடம் தராது. துரைமாரின் ‘பரேட்’ என்ற சொல்லே பெரட்டு ஆனது என்பதே பொருந்தும் விளக்கம். தமிழ்நாட்டில் ‘பரேடு’ என நிற்பது இங்கே டகரம் இரட்டித்ததற்கு, பக்கத்திலிருந்த ‘புரட்டு’ துணைபோயிருக்கலாம். அதன் பங்கு அவ்வளவுதான்.

ஆங்கிலம் இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பிரெஞ்சில் இதற்குக் காட்சி, பகட்டு, படை அணிவகுப்பு என்று பொருள்கள். தோட்டத்து அலுவலகங்களில் வழங்கும் ‘மஸ்டர்’ என்பதும் பழைய பிரெஞ்சு வழி வந்ததே. அதன் இலத்தீன் வேருக்கும் ‘காட்டு’ என்றுதான் பொருள். இரண்டுமே எண்ணுபவரின் கண்ணிலிருந்து பிறந்த சொற்கள்.

நமக்குப் பழகிய ‘ஆஜர்’ என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அரபு ‘ஹாளிர்’ வழி வந்த சொல் அது. முன்னிலையில் இருப்பவர் என்று பொருள். ஆஜரில் வந்தவர் எழுவாய். பெரட்டில் அவர் செயப்படுபொருள்.

பெரட்டில் எண்ணியபின் செக்ரோலில் விழுவது ‘பேர்’. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். ‘அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க சேர்’ என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால், ஆகுபெயர் என்று அடையாளம் காட்டிவிட்டு நகர எனக்கு முடிவதில்லை. மனிதரின் அடையாளமான பேரே கூலியின் அளவாகிப் பாதியாக வெட்டப்படுவதை அந்த இலக்கணக் குறிப்பு சொல்லாது.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, காணாமற்போனோர் தொகை முதல் நாட்களில் வாய்க்கு வாய் மாறியது. நாள்தோறும் பேர் எண்ணும் தோட்டத்தில் ஏன் இந்தத் தடுமாற்றம்? பெரட்டின் எண்ணிக்கை உழைப்புக்கானது. லயத்தில் இருக்கும் குழந்தையையும் கிழவியையும் அது எண்ணுவதில்லை. ஒரு வரி விளக்கம் விட்டுவிடுவது இதைத்தான்.

அரபு, பாரசீக வழிச் சொற்களைத் திரட்டுவதில் நம் ஆய்வாளர் காட்டிய உழைப்பு பெரிது. ஆனால் பண்டாரவளை, பதுளைக் கடைத்தெருக்களில் நம்மவர்களின் கடன் கொப்பிகள் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்தே நகர்ந்தன. பேரும் அரைப்பேரும் நம் காதிலும் விழுந்த சொற்கள். அவற்றை வேற்றார் சொற்களாகத் தள்ளிவைக்க நியாயமில்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தார். சொற்களையும் அப்படித் திரட்ட வேண்டும்: வெறும் பொருளோடு நிறுத்தாமல், சொன்னவர் வாய் வாக்கியத்தோடு சேர்த்து. ஊவாவிலுள்ள ஆசிரியர்கள் தத்தம் வகுப்பறைகளிலேயே இதைத் தொடங்கலாம்.