பந்தைத் தொடாத ஓசில்

கால்பந்து வீரர் மெசுட் ஓசில் ஓய்வை அறிவித்தது 2023 மார்ச்சில். இன்றும் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எங்காவது எதிர்ப்படுகிறார். அதிகம் சுற்றும் காட்சிகளில் ஒன்று, 2016 நவம்பரில் சோஃபியாவில் லுடோகோரெட்ஸ் அணிக்கு எதிராக ஆர்சனலுக்காக அவர் அடித்த கோல். ஸ்கோர் 2-2, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. சக வீரர் எல்னேனி பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்தைத் துரத்துகிறார் ஓசில். கோல்கீப்பர் பாய்ந்து வர, பந்தை அவர் தலைக்கு மேல் தட்டிவிடுகிறார். வலை காலி. வேறு யாராக இருந்தாலும் உடனே உதைத்திருப்பார்கள். ஓசிலோ உதைப்பதுபோல் காலை ஓங்கி, நிறுத்திவிடுகிறார். தடுக்க விழுந்த இரண்டு வீரர்களும் புல்லில் சறுக்கிக்கொண்டு போக, சாவகாசமாகப் பந்தை உள்ளே தள்ளுகிறார்.

இதை ரசிக்க மொழி தேவையில்லை, முன்கதையும் தேவையில்லை. ஓசிலின் ஆட்டத்தை நேரலையில் பார்த்திராத பிள்ளைகளும் அவரைக் கொண்டாடுவதில் வியப்பில்லை. ஆனால், அவர்கள் கொண்டாடுவது பாதி ஓசிலைத்தான் என்பது என் ஆதங்கம்.

2015-16 பிரீமியர் லீகில் அவருடைய அசிஸ்ட்கள் 19. தியரி ஹென்றியின் சாதனைக்கு ஒன்று குறைவு. அந்தப் பாஸ்கள் எல்லாம் கைபேசித் திரையில் கிடைக்கின்றன. பாஸுக்கு முந்தைய நொடிகள் கிடைப்பதில்லை. எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் நடைபோட்டபடியே தோளுக்குப் பின்னால் பார்வையை ஓட்டி, யார் எங்கே என்று மனதில் வரைந்துகொள்வார். பந்து வரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது. அதனால்தான் ஒரே தொடுதலில் அனுப்ப முடிந்தது. அந்த நடையைத்தான் சோம்பல் என்று ஆண்டுக்கணக்கில் திட்டினார்கள். அநியாயமான பேச்சு அது.

2018 அக்டோபரில் லெஸ்டருக்கு எதிரான ஆர்சனலின் மூன்றாவது கோலைப் பாருங்கள். தன்னிடம் வந்த பந்தைத் தொடாமலே பின்னால் போகவிட்டு, தான் முன்னே ஓடுகிறார். சக வீரர் திருப்பி அனுப்பிய பந்து காலுக்கு எட்டுகிற இடத்தில் வருகிறது. அதை இன்னொரு சக வீரர் ஒபாமயாங்குக்குத் தள்ள, கோல். தொடாமல் விட்ட அந்தக் கணம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

அவருடைய இணையப் புகழுக்கு ஆட்டம் மட்டுமே காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பேரன், ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர், 2014 உலகக்கோப்பையை வென்றவர். 2018 ஜூலையில் ஜெர்மன் அணியிலிருந்து விலகியதைச் சமூக வலைதளத்தில் மூன்று பகுதிகளாக எழுதித்தான் அறிவித்தார். ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று நடத்துகிறார்கள் என்ற அவருடைய குமுறல் கால்பந்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. 2019 டிசம்பரில் சீனாவின் உய்குர் முஸ்லிம்களுக்காகப் பதிவிட்டபோது, சீன அரசுத் தொலைக்காட்சி ஆர்சனல் - மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தின் ஒளிபரப்பையே கைவிட்டது. அந்நாட்டுக் கால்பந்து வீடியோ கேமிலிருந்தும் அவரை நீக்கினார்கள். விலை தெரிந்தும் பேசியவர் மீது ரசிகர்களுக்குப் பாசம் கூடாமல் எப்படி இருக்கும்?

அவரை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர்கள், 2015 அக்டோபரில் ஆர்சனல் 3-0 என மான்செஸ்டர் யுனைடெட்டை வென்ற ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். மூன்று கோல்களும் முதல் 20 நிமிடங்களுக்குள் விழுந்தவை. ஒன்று ஓசில் அடித்தது, இன்னொன்று அவர் கொடுத்தது. அந்த 20 நிமிடங்களும் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.