கல்தொட்டியின் முன் ஒரு கேள்வி

அலவத்துகொடையிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியே பொலன்னறுவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் நாம். அங்கே ஆலாகனப் பிரிவெனாவைக் காட்டி, "முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நிறுவிய பல்கலைக்கழகம்" என்று கூறிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இது வரலாறு ஆகுமா?

சுடுகாட்டு நிலத்தில் எழுந்ததால் அப்பெயர் பெற்ற இத்துறவியர் கல்விக்கூடத்தில், தலையிழந்த புத்தர் சிலையைக் காக்கும் இலங்காதிலகத்தின் 17 மீட்டர்ச் சுவர்களும் கிரி வெகரத் தாதுகோபமும் எஞ்சியுள்ளன. மாணவர் கண்கள் அவ்வுயரத்திலேயே நின்றுவிடுகின்றன. 1980களின் அகழ்வாய்வு வெளிக்கொணர்ந்த மருத்துவமனையோ வேறொன்றைச் சொல்கிறது. நோயாளியைக் கிடத்த, மனித உடல் வடிவில் குடைந்த கல்தொட்டி அங்குண்டு. கற்போனுக்குச் சோறும் உறையுளும் மருந்தும் வேண்டும். அவற்றை ஈந்த உழவனையும் செங்கல் சுட்டவனையும் நாம் பேசுவதில்லை.

இக்குறை பழங்காலத்தோடு முடிந்ததா? 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்குப் பொருள் ஈட்டித் தந்ததில் தேயிலைத் தொழிலாளரின் பங்கு பெரிது. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில்தான்.

ஆகவே, அடுத்த முறை பாடத்தைக் கல்தொட்டியின் முன் தொடங்குவோம்: கல்வியைத் தாங்கியவர் யார்? பெற்றவர் யார்?